விவிலியம் காட்டும் எளியோர் மாண்பு: காஞ்சி மண் தரும் சான்றுகள்

காஞ்சிபுரம் என்றவுடன் நம் நினைவில் எழுவன கோயில் கோபுரங்களும் பட்டுத் தறிகளுமே ஆகும். தமிழ் பயிலும் மாணவர்க்கு இவற்றோடு இன்னொரு காட்சியும் நினைவில் எழுதல் வேண்டும். மழை பொய்த்துப் பசி பரவிய காஞ்சி மாநகருக்கு மணிமேகலை அமுதசுரபியுடன் வந்து சேர்ந்ததைச் சீத்தலைச் சாத்தனார் பாடியுள்ளார். அங்கே உண்ண வந்தோர் கண்ணற்றோர், செவிப்புலன் இழந்தோர், கால் முடமானோர், நோயுற்றோர், பேணுவார் இல்லாதோர் ஆவர். சமயங்கள் பல வாதிட்டு வாழ்ந்த ஒரு நகரில், சமயத்தின் உரைகல்லாகப் பசித்தவனின் வயிற்றைக் காப்பியப் புலவர் வைத்தார்.

அந்த உரைகல்லை எல்லாச் சமயங்களுக்கும் பொதுவாகக் கொள்ளலாம். இக்கட்டுரையில் கிறித்தவ மறைநூலாகிய விவிலியத்தை அதில் உரைத்துப் பார்க்க முற்படுகிறோம். விவிலியம் ஒதுக்கப்பட்டோரைப் பற்றி என்ன கூறுகிறது? அதைக் கையில் ஏந்தியோர் காஞ்சிபுரத்திலும், காஞ்சிபுரம் நெடுங்காலம் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலும் எந்த அளவுக்கு அதன்படி நடந்தனர்? எந்த இடத்தில் தவறினர்? பிற சமயத்தவரின் நூலை நாம் கற்பது, அந்த நூலை மதிப்பதற்கும் நம்மை நாமே அளந்து பார்ப்பதற்கும் துணை செய்யும் என்னும் நம்பிக்கையே இம்முயற்சிக்குக் காரணம்.

ஒரு சொல்லின் வேர்

முதலில் சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்குவோம். விவிலியத்தின் முற்பகுதி பெரும்பாலும் எபிரேய மொழியில் அமைந்தது. அம்மொழியில் இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமீம்' என்னும் சொல், கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்னும் சொல்லோடு ஒரே வேரிலிருந்து பிறந்தது. அரபு மொழியிலும் 'ரஹ்மத்' என்னும் அருளும், இறைவனின் திருநாமங்களான 'ரஹ்மான்', 'ரஹீம்' என்பனவும், தாயின் கருப்பையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரின் கிளைகளே. இரு மொழிகளும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது மொழியியலார் நன்கறிந்த செய்தி. தாய் தன் வயிற்றில் சுமந்த உயிரின்பால் கொள்ளும் உறவே இரக்கம் என்பது இச்சொற்களால் பெறப்படுகிறது. மேலிருந்து கீழே எறியப்படும் பிச்சைக்கு இச்சொல்லில் இடமில்லை.

பிற்பகுதியாகிய புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் அமைந்தது. இயேசு பெருமான் துன்புற்றோரைக் கண்டபோது அடைந்த நிலையைக் குறிக்க அங்கு ஆளப்படும் வினைச்சொல், உள்ளுறுப்புகளைக் குறிக்கும் பெயரிலிருந்து தோன்றியது. குடல் குலுங்குதல் என்று நாம் வழங்குவதற்கு அது நெருங்கியது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதனை 'மனதுருகி' என்று பெயர்த்தனர். உருகுதல் நம் பக்தி இலக்கியத்துக்கு உயிரான சொல். அடியவன் இறைவனை எண்ணி உருகுவான். இங்கோ இயேசுவே எளியவனைக் கண்டு உருகுகிறார். சொல்லைத் தேர்ந்த அந்தத் தமிழறிஞர்களின் நுண்மாண் நுழைபுலம் போற்றத்தக்கது.

தமிழ் மொழிபெயர்ப்பு வரலாற்றில் மற்றொரு நுட்பமும் உண்டு. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715 ஆம் ஆண்டளவில் அச்சேறியது முதல் பல மொழிபெயர்ப்புகள் வந்துள்ளன. பழைய பதிப்புகளில் இயேசுவிடம் வந்த நோயாளி 'குஷ்டரோகி' எனப்பட்டான். 'அவன்' என்றே சுட்டப்பட்டான். 1995 இல் வெளிவந்த 'திருவிவிலியம்' என்னும் பொது மொழிபெயர்ப்பில் அவர் 'தொழுநோயாளர்' ஆனார். 'அவர்' என்று சுட்டப்பட்டார். கிரேக்க மூலத்தில் இவ்வேறுபாடு இல்லை. உயர்வு ஒருமை தமிழின் தனிச் செல்வம். ஒரு விகுதியை மாற்றிய அளவில் ஒரு மனிதர் எழுந்து நிற்பதைத் தமிழ் மாணவர் எளிதில் உணர்வர். இலக்கணம் அறத்தோடு கைகோக்கும் இடம் இது.

கடன் கொடுத்தவன் வெளியே நிற்கட்டும்

எளியோர்க்கு உதவுக என்று கூறாத சமயம் இல்லை. உதவும்போது அவர்தம் மானம் கெடாமல் உதவுக என்று விவிலியச் சட்டங்கள் நுணுக்கமாக வகுத்திருப்பதே இங்கு நாம் கருத வேண்டியது.

உபாகமம் 24 ஆம் அதிகாரத்தை நோக்குவோம். அயலானுக்குக் கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்க அவனது வீட்டுக்குள் நுழைதல் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன் பட்டவனே பொருளை எடுத்துக்கொண்டு வெளியே வருவான் (24:10-11). கடன்காரனின் வாசற்படிக்கு இச்சட்டம் ஓர் எல்லை வகுக்கிறது. ஏழையின் குடிசையும் அவனுக்கு அரண்மனையே. அழைப்பின்றி எவரும் நுழைய உரிமை இல்லை. அடகு வைத்தவன் வறியவன் ஆயின் அவனது மேலாடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தருதல் வேண்டும். இரவில் அவன் போர்த்துக்கொள்ள வேறு ஆடை இராது (24:12-13). மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்குதல் ஆகாது. அது அவனது உயிரையே அடகு வாங்குவதாகும் (24:6). கூலியாளின் கூலியை அன்றன்றே, கதிரவன் மறையுமுன் கொடுத்தல் வேண்டும். அவன் உள்ளூரானாயினும் வெளியூரானாயினும் சட்டம் ஒன்றே (24:14-15).

உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுக என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை நம்மவர் அனைவரும் அறிந்தது. கடன் பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறும், அதனைத் தருமமாக விட்டுவிடுதல் மேலும் நல்லது என்றும் திருக்குர்ஆன் (2:280) கூறுகிறது. இரு மறைகளும் இவ்விடத்தில் ஒரே திசையில் நிற்கின்றன.

அறுவடைச் சட்டமும் இத்தகையதே. வயலின் ஓரங்களை முற்றாக அறுத்துவிடாமலும், சிந்திய கதிர்களைத் திரும்பப் பொறுக்காமலும் எளியவர்க்கும் அந்நியர்க்கும் விட்டுவிடுமாறு லேவியராகமம் (19:9-10) பணிக்கிறது. இதன் செயல் வடிவத்தை ரூத் என்னும் சிறு நூலில் காண்கிறோம். கணவனை இழந்து, பிற நாட்டிலிருந்து வந்து, மாமியாரைக் காக்கும் பொருட்டுக் கதிர் பொறுக்கச் செல்லும் இளம்பெண் ரூத். வயலின் உரிமையாளர் போவாஸ் தம் ஆட்களுக்கு இடும் கட்டளை கருதத்தக்கது. அவள் அரிக்கட்டுகளுக்கு இடையே பொறுக்கினாலும் அவளை நாணமுறச் செய்யாதீர்கள் என்பதும், கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவி விட்டுவிடுங்கள் என்பதும் அக்கட்டளையின் சாரம் (2:15-16). வாங்குகிறோம் என்ற கூச்சம் அவளுக்கு இராது. தானே உழைத்துச் சேர்த்த மகிழ்ச்சி இருக்கும். கொடுப்பவர் தம் கையை மறைத்துக்கொள்ளும் ஈகை இதுவாகும்.

தொட்டார், கேட்டார், அழைத்தார்

இயேசு பெருமானின் வாழ்க்கையை நற்செய்தி நூல்கள் நான்கும் விரிக்கின்றன. இசுலாமிய மரபு ஈசா நபி (அலை) என அவரைப் போற்றுகிறது. ஒதுக்கப்பட்டோரை அவர் எதிர்கொண்ட முறையில் மூன்று கூறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது தொடுதல். தொழுநோயாளர் கிழிந்த உடையுடன், தம்மைத் தீட்டு என்று தாமே கூவிக்கொண்டு, குடியிருப்புக்கு வெளியே தனித்து வாழ வேண்டும் என்பது அந்நாளைய சட்டம் (லேவியராகமம் 13:45-46). அத்தகைய ஒருவரை இயேசு கைநீட்டித் தொட்டார் (மாற்கு 1:40-42). நூற்றுவர் தலைவனின் ஊழியனைத் தொலைவில் இருந்தே சொல்லால் குணமாக்கியவர் இவரையும் அவ்வாறு குணமாக்கியிருக்கலாம். நோய் நீங்கச் சொல் போதும். பல்லாண்டு மனிதக் கை படாத ஒருவரின் மனப்புண் ஆறத் தொடுகை வேண்டும் என்பது இந்நிகழ்ச்சியின் உட்பொருள்.

இரண்டாவது கேட்டல். எரிகோ நகரின் வழியோரத்தில் இரந்து வாழ்ந்த பார்வையற்ற பர்த்திமேயு கூவி அழைத்தபோது கூட்டத்தினர் அவரை அதட்டி அடக்கினர். இயேசு நின்றார், அவரை வரவழைத்தார், தாம் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே வினவினார் (மாற்கு 10:46-52). பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது எவர்க்கும் தெரியும். தெரிந்தும் வினவியது அவர் வாயால் அவரது விருப்பத்தைச் சொல்ல இடம் தந்தது. பார்வையற்ற ஒருவர் அறிவுரை நாடி வந்தபோது நேர்ந்த சிறு முகச்சுளிப்பையும் இறைவன் சுட்டிக்காட்டியதைக் கூறும் 'அபஸ' என்னும் அத்தியாயத்தை (80) நம் வாசகர் இங்கு நினைவுகூர்வர்.

மூன்றாவது உறவுப் பெயரால் அழைத்தல். பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்திய பெண் அஞ்சி நடுங்கி நின்றபோது அவளை 'மகளே' என்று அழைத்தார் (மாற்கு 5:34). பதினெட்டு ஆண்டுகள் கூனிக் குறுகியிருந்த பெண்ணை ஆபிரகாமின் மகள் என்றார் (லூக்கா 13:16). மக்கள் வெறுத்த வரிதண்டுவோனாகிய சகேயுவை ஆபிரகாமின் மகன் என்றார் (லூக்கா 19:9). நோயின் பெயராலும் தொழிலின் பெயராலும் சுட்டப்பட்டவர்கள் குடும்பத்தின் பெயரைத் திரும்பப் பெற்றனர்.

தமிழ்நாட்டு வாசகர் எளிதில் உணரும் நிகழ்ச்சி ஒன்று யோவான் நற்செய்தியின் 4 ஆம் அதிகாரத்தில் உள்ளது. யூதர் சமாரியரோடு புழங்காத காலம். நண்பகலில் கிணற்றுக்கு வந்த சமாரியப் பெண்ணிடம் இயேசு குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவள் வியக்கிறாள். தனிக் கிணறும், தனிக் குவளையும், கை குவித்து நீர் வாங்கும் கொடுமையும் கண்ட நம் ஊர்களில் அவ்வியப்புக்கு விளக்கவுரை தேவையில்லை. கொடுக்கும் இடத்தில் அவளை நிறுத்தி, வாங்கும் இடத்தில் அவர் நின்றார். தாகம் என்னும் பொதுமையில் தீண்டாமை கரைந்து போகிறது.

காஞ்சியின் பழைய சான்று

இத்தகைய உணர்வு காஞ்சிக்குப் புதியதன்று. வைணவ மரபு கூறும் ஒரு வரலாற்றை இங்குக் குறிப்பிடல் பொருந்தும். வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர் திருக்கச்சி நம்பிகள். அவர் அந்தணர் அல்லர். இளைஞராக இருந்த இராமாநுசர் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்து, அவர் உண்டு எஞ்சியதைத் தாம் உண்ண விரும்பினார். இராமாநுசர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்து உண்டு சென்றார். மனைவியாரோ மிகுந்த உணவைப் பிறருக்குக் கொடுத்து, இடத்தை மெழுகித் தாமும் நீராடினார். திரும்பி வந்து அதனை அறிந்த இராமாநுசர் பெரிதும் வருந்தினார் என்பர். உணவு கொடுத்தாயிற்று, பசியும் தீர்ந்தது, ஆயினும் மெழுகிய தரையில் மாண்பு துடைத்தெறியப்பட்டது. ஈகைக்கும் மதிப்புக்கும் இடையே உள்ள தொலைவை இவ்வரலாறு தெளிவாக உணர்த்துகிறது.

பள்ளி இருக்கை

இனி விவிலியத்தை ஏந்தி வந்தோரின் செயல்களைக் காண்போம். ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837 இல் சென்னையில் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. 1838 இல் அப்பள்ளியில் தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சிறுவர் சிலர் சேர்ந்திருப்பது தெரியவந்தது. அவர்களை நீக்க வேண்டும் அல்லது தனி இருக்கையில் அமர்த்த வேண்டும் என்று உயர்சாதி மாணவர் வேண்டினர். ஆண்டர்சன் மறுத்தார். மாணவர் பலர் வெளியேறினர். பள்ளியே மூடப்படும் நிலை வந்தாலும் இருக்கையைப் பிரிப்பதில்லை என்பதில் அவர் உறுதியாக நின்றார். அவரது பணி விரைவில் காஞ்சிபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் பரவியது. காஞ்சிபுரத்தில் அவர் பெயரால் விளங்கும் பள்ளி 1839 ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டது.

பொன் மோதிரம் அணிந்து வந்தவனுக்கு நல்ல இருக்கையும், அழுக்கு உடையுடன் வந்த ஏழைக்குக் காலடியும் காட்டுவது பாவம் என்று யாக்கோபின் திருமுகம் (2:1-9) இடித்துரைக்கிறது. அதனை வாசித்த ஒருவர் பள்ளி இருக்கையில் அதைச் செயற்படுத்தினார் எனலாம்.

நிலம் என்னும் மாண்பு

இருக்கை கிடைத்தாலும் குடியிருக்க இடம் இல்லையேல் மாண்பு ஏது? 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. உழுதவர் அவர்; நிலம் பிறருடையது. குடிசை போட்ட இடமும் மிராசுதாரருடையது. எதிர்த்துப் பேசினால் குடியிருப்பையே இழக்க நேரும். தரிசு நிலம் கேட்டு அரசுக்கு விண்ணப்பித்தாலும் மிராசு உரிமை உடையோருக்கே முன்னுரிமை. கடன் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குத் தொடர்ந்தது.

செங்கற்பட்டில் பணிபுரிந்த ஸ்காட்லாந்து விடுதலைத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரு முதலியோர் இந்நிலையை அரசின் கவனத்துக்கு இடைவிடாது கொணர்ந்தனர். மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பிலிருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891 இல் விரிவான அறிக்கை ஒன்றை எழுதினார். அடிமை ஒழிப்புச் சட்டம் 1843 இல் வந்த பின்னரும் மாவட்டத்தில் அடிமை நிலை வேறு பெயரில் நீடித்ததை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. குடியிருப்பு மனைக்கு உரிமையும் உழ நிலமும் கல்வியும் வழங்கப் பரிந்துரைத்தது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 ஆம் நாள் 1010 ஆம் எண் வருவாய்த் துறை ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் இன்று வழங்குவது இதன்வழி வந்ததே. பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை எவருக்கும் விற்றல் கூடாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்டோருக்கன்றிப் பிறருக்கு விற்றல் கூடாது என்னும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

விவிலியத்தில் இதற்கு ஒப்பான சட்டம் உண்டு. ஐம்பதாம் ஆண்டில் அவரவர் குடும்ப நிலம் அவரவர்க்கே மீள வேண்டும் என்பது லேவியராகமம் 25 ஆம் அதிகாரத்தின் யூபிலி ஆணை. நிலம் இறைவனுடையது, மனிதர் அதில் குடிவந்தோரே என்பது அதன் அடிப்படை. நிலம் இழந்தவனுக்கு ஒருவேளைச் சோறு போடுவதோடு அறம் முடிந்துவிடுவதில்லை. அவன் காலூன்றி நிற்க மண் வேண்டும்.

எனினும் ஏட்டில் எழுதப்பட்ட நிபந்தனை எல்லா நிலத்தையும் காக்கவில்லை. பஞ்சமி நிலங்கள் பெருமளவில் பிறர் கைக்கு மாறின. அவற்றை மீட்கக் கோரிச் செங்கற்பட்டில் 1994 அக்டோபர் 10 ஆம் நாள் நடைபெற்ற போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஓர் ஆணை, எழுதப்பட்ட மாவட்டத்திலேயே குருதி சிந்த வைத்தது வரலாற்றின் துயர முரண். மீட்புக் கோரிக்கை இன்றளவும் ஓயவில்லை.

தொழுநோயும் தொடுகையும்

அதே செங்கற்பட்டு மருத்துவ வரலாற்றிலும் இடம்பெற்றது. 1920களின் நடுவில் அங்கு ஸ்காட்லாந்து மிஷனின் பொறுப்பில் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவ நிலையம் எழுந்தது. தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற இராபர்ட் காக்ரேன் அங்குப் பணியாற்றினார். அங்கு 1947 இல் சென்ற வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அறுவை மருத்துவர் பால் பிராண்டு, நோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்டு சிந்திக்கலானார். தசை அழுகுவதால் விரல் போவதில்லை. நரம்பு செயலிழப்பதால் கை மடங்குகிறது, உணர்ச்சி இழப்பதால் புண்படுகிறது என்பது அவரது ஆய்வில் தெளிவாயிற்று. நல்ல தசைநாரை மாற்றிப் பொருத்தி விரல்களை இயங்கச் செய்யும் அறுவை முறை இவ்வாறு வேலூரில் வளர்ந்தது.

இதில் மாண்பு பற்றிய பாடம் ஒன்று அடங்கியுள்ளது. கை நேரான சிலர், முன்பு கிடைத்த பிச்சையும் இப்போது கிடைக்கவில்லை, வேலை தருவாரும் இல்லை என்று வருந்தினர். மருத்துவம் போதாது, தொழிலும் வேண்டும் என்று உணர்ந்த பிராண்டும் அவருடன் பணிபுரிந்தோரும் புதுவாழ்வு இல்லம் அமைத்துத் தச்சு முதலிய தொழில்களைக் கற்பித்தனர். தொட்டார், கேட்டார், அழைத்தார் என்று மேலே கண்ட மூன்றும் இங்கு ஒருங்கே நிகழ்ந்தன.

செங்கற்பட்டு நிலையத்தை 1955 இல் மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. 1980களில் பரவிய கூட்டு மருந்து முறையால் தொழுநோய் முற்றிலும் குணமாகக் கூடியதாயிற்று. சட்டமோ மருந்தைப் பின்தொடர நெடுங்காலம் எடுத்தது. நோயாளிகளை ஒதுக்கி அடைக்க வகைசெய்த 1898 ஆம் ஆண்டுச் சட்டம் 2016 இல்தான் நீக்கப்பட்டது. மணவிலக்குக்குத் தொழுநோயைக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் 2019 இல்தான் அகற்றப்பட்டன. கிருமி சில மாதங்களில் சாகிறது. ஒதுக்கும் மனமோ தலைமுறை கடந்தும் வாழ்கிறது.

தறியருகே நின்ற குழந்தை

காஞ்சிபுரத்தின் உயிர்நாடியாகிய பட்டுத் தறிக்கு வருவோம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலையை நெய்வதற்கு மூன்று நாடாக்கள் தேவை. நெசவாளர் ஒருவரால் அவற்றை ஓட்டுதல் அரிது. ஒரு பக்கத்துக் கரை நாடாவை ஓட்ட உடன் ஒருவர் அமர வேண்டும். அவ்விடத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்தோரில் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். வறுமையுற்ற பெற்றோர் தறி உடையவரிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் அனுப்பப்பட்டனர். கடன் தீரும்வரை பள்ளி இல்லை. கொத்தடிமை முறை 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986 இல் வந்த பின்னரும் இந்நிலை நீடித்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003 இல் வெளியான பன்னாட்டு மனித உரிமை அமைப்பொன்றின் அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் சிறப்புப் பள்ளிகளும் முயன்றதால் நிலை பெரிதும் மாறியது. 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தது. ஆயினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. வீடே தொழிற்கூடமாக உள்ள ஊரில் அவ்வாயில் வழியே என்ன நுழைகிறது என்பதை விழிப்புடன் நோக்குதல் நம் கடமை.

நெகேமியா என்னும் நூலின் 5 ஆம் அதிகாரத்தைக் காஞ்சிபுரத்தில் இருந்து வாசித்தால் அது அண்மைச் செய்தி போலத் தோன்றும். பஞ்ச காலத்தில் தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்த மக்கள், வரி கட்டக் கடன் வாங்கிய மக்கள், தம் பிள்ளைகள் அடிமைகளாவதைச் சொல்லி முறையிடுகின்றனர். ஆளுநர் நெகேமியா சினந்து, செல்வர்களை அவையில் நிறுத்தி, வயல்களையும் வீடுகளையும் வட்டியையும் திருப்பித் தரச் செய்து உறுதிமொழி வாங்குகிறார். கடன் கொடுத்தவரும் பட்டவரும் ஒரே இனத்தார், ஒரே சமயத்தார். வழிபாட்டில் ஒன்றாக நின்றவர்கள் கணக்கேட்டில் ஆண்டானும் அடிமையுமாக நின்றனர். எந்தச் சமயத்தார் இதனை வாசித்தாலும் தம் ஊர்க் கணக்கேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கத் தோன்றும்.

மறையும் மறையோரும்

இத்துணைச் சிறந்த நூலைக் கொண்டோர் எல்லாரும் அதன்படி நடந்தனரா எனில், இல்லை என்றே வரலாறு விடை கூறும். தமிழகத் திருச்சபைகளுள் சாதி நுழைந்தது. தனி இருக்கையும் தனிக் கல்லறையும் அமைந்தன. 1833 இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைத் திருச்சபையினர் உடனே கைவிட வேண்டும் என்று ஆணையிட்டபோது சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் திருச்சபையை விட்டுப் பிரிந்தனர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டுத் திருச்சபைக்குள் நிலவும் பாகுபாட்டை ஒப்புக்கொண்டது 2016 இல் ஆகும். அடிமைகள் தலைவர்க்குக் கீழ்ப்படிக என்னும் திருமுகப் பகுதிகளைக் காட்டி அடிமை முறையை நியாயப்படுத்திய காலமும் மேலை நாடுகளில் இருந்தது. ஒரே நூலில் விடுதலையை வாசித்தவரும் உண்டு, விலங்கை வாசித்தவரும் உண்டு.

இக்குறை ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. சமத்துவம் பேசும் எந்தச் சமுதாயத்திலும், தோளோடு தோள் நின்று தொழுதபின் வாயிலைக் கடந்ததும் குலமும் செல்வமும் பார்க்கும் பழக்கம் இருக்குமாயின் அதே கேள்வி அவர்களையும் சாரும். மேலும், பட்டியல் சாதியினர்க்கான 1950 ஆம் ஆண்டு ஆணை முதலில் இந்து சமயத்தாரோடு நின்று, 1956 இல் சீக்கியரையும் 1990 இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது. கிறித்தவரும் இசுலாமியரும் அதற்கு வெளியே நிற்கின்றனர். இதனை ஆராய 2022 இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. சமயம் மாறியபின் சாதியின் கொடுமை மாறிற்றா என்னும் வினாவுக்கு அரசு மட்டுமே விடை சொல்லிவிட முடியாது. அந்தந்தச் சமயத்தாரின் அன்றாட நடத்தையே முதல் விடை.

நாம் கொள்ளத்தக்கன

இதுகாறும் கண்டவற்றிலிருந்து மாணவச் செல்வங்களும் ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோரும் கொள்ளத்தக்க கருத்துகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

ஒன்று, கொடுக்கும் கையின் ஒழுங்கு. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்பது மத்தேயு நற்செய்தி (6:3) தரும் அறிவுரை. சொல்லிக் காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் தருமத்தைப் பாழாக்காதீர் என்பது திருக்குர்ஆன் (2:264) தரும் எச்சரிக்கை. உதவி பெறுவோரை வெயிலில் வரிசையாக நிறுத்தி, பொருளைக் கையில் கொடுக்கும் நொடியில் படம் எடுத்து ஊரெங்கும் பரப்பும் வழக்கம் பெருகியுள்ளது. அப்படத்தில் உள்ள தாயின் பிள்ளை நாளை நம் வகுப்பறையில் வந்து அமரும். போவாஸின் வயலில் கதிர்கள் தாமாகச் சிந்தியவை போலக் கிடந்தன என்பதை நிருவாகிகள் நினைவில் கொள்ளல் வேண்டும்.

இரண்டு, கேட்கும் பழக்கம். கல்வி உதவி, திருமண உதவி, மருத்துவ உதவி என்று நாமே முடிவு செய்து வழங்குவதற்கு முன், என்ன வேண்டும் என்று அவரையே கேட்டல் நன்று. சிலருக்குப் பணத்தினும் பரிந்துரைக் கடிதம் பெரிது. சிலருக்கு அதனினும் ஒரு தையற்பொறி பெரிது.

மூன்று, கூலியும் கடனும். நம் கடையிலும் நம் வீட்டிலும் உழைப்போரின் கூலி உரிய நாளில் சென்றடைகிறதா என்று பார்த்தல் வேண்டும். வேலைக்காரரின் கூலி நிறுத்தப்பட்டால் அக்கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு (5:4) கூறுகிறார். தொழுகையும் வழிபாடும் அக்குரலை மூடிவிட மாட்டா.

நான்கு, சொல்லின் தூய்மை. 'பரதேசி' என்னும் சொல் பிற நாட்டவர் என்னும் பொருளில் பழைய விவிலியத்தில் இரக்கத்துக்குரியாரைக் குறித்தது. வழக்கில் வசைச்சொல்லாகத் தாழ்ந்தது. உடற்குறையையும் நோயையும் குலத்தையும் ஏசும் சொற்களை நம் நாவிலிருந்து நீக்குவது தமிழ் கற்றோர் செய்யக்கூடிய எளிய தொண்டு. 'அவன்' என்பதை 'அவர்' ஆக்குவதற்குப் பொருட்செலவு ஏதும் இல்லை.

பசித்தோர், தாகமுற்றோர், அந்நியர், ஆடையற்றோர், நோயுற்றோர், சிறைப்பட்டோர் ஆகியோருக்குச் செய்தது தமக்கே செய்தது என்று தீர்ப்பு நாளில் அரசர் கூறுவார் என்பது மத்தேயு 25 ஆம் அதிகாரத்தின் செய்தி. அங்கு வியந்து நிற்போர் இரு சாரார். உதவியவரும் எப்போது உதவினோம் என்று கேட்கின்றனர். உதவாதவரும் எப்போது உதவாதிருந்தோம் என்று கேட்கின்றனர். நல்லோர் தம் நன்மையைக் கணக்கில் வைத்திருக்கவில்லை. மற்றையோர் தம் புறக்கணிப்பை உணரவே இல்லை. நாம் அஞ்ச வேண்டியது இவ்விரண்டாவது நிலையையே. காஞ்சிபுரத்துத் தறியிலிருந்து இறங்கும் சேலையின் பொன்னிழையைப் போற்றும் நாம், அதை நெய்த கையையும் கரை நாடாவை ஓட்டிய சிறு விரலையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. எளியோரின் மாண்பைக் காக்கும் இப்பணியில் மறைகள் வேறாயினும் கைகள் ஒன்றாகட்டும்.